கேலிதான் என்றால் கட்டம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இனவெறியைத் தத்துவவாதிகள் எப்படிப் பார்த்தார்கள் என்று சென்ற இதழில் ஆறு பக்கக் கட்டுரை. படித்தவர் எழுதியது, குறை சொல்ல நான் யார்? ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: ‘நம் ஊர்களில் நிறத்தை வைத்து நடப்பது வெறும் கேலி, அதன் பின்னால் கோட்பாடு எதுவும் இல்லை.’ அதோடு இதழை மூடி வைத்துவிட்டேன்.

கட்டுரையில் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வருகிறார். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785-ல் சொன்ன மகான். ஒரு கறுப்பரின் பேச்சைக் குறிப்பிட்டு, ஆள் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு, அவன் சொன்னது முட்டாள்தனம் என்பதற்கு அதுவே சான்று என்று 1764-ல் எழுதியவரும் அவரேதான். அதுவும் கேலிதானே ஐயா? 1775-ல் மனித இனங்களை வகை பிரித்துக் கட்டுரையே எழுதிவிட்டார். இது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளர் ஏன் விட்டார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கேலி என்றால் என்னவென்று நான் பார்த்திருக்கிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து, “ட்யூப்லைட்டுல கலர் தெரியாது, வாசலுக்கு வாம்மா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வெயிலில் நிறுத்தி, தக்காளி மண்டியில் கூடையைக் கிளறுகிறவர் போல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொண்ணு களையாத்தான் இருக்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து போன் வரவில்லை. அந்த அம்மாளும் நல்ல கறுப்பு. வெள்ளையர் கண்ணால் தன்னையே பார்க்கும் கறுப்பரைப் பற்றி மார்த்தினிக் தீவில் பிறந்த சிந்தனையாளர் ஃபனோன் 1952-ல் எழுதியதை உங்கள் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. மார்த்தினிக் வரை போனவர் எங்கள் பாலக்கோட்டுக்கும் ஒரு பஸ் பிடித்திருக்கலாம்.

தோல் நிறத்தோடு விட்டாலும் பரவாயில்லை. பஞ்சாப் பிராமணரும், தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட பஞ்சாப் சமாரும் ஒரே இனம்தான், சாதி இனப் பிரிவினை அல்ல என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். கீழே தள்ள வேறு நிறம் வேண்டியதில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகள் எரிந்தபோது எரித்தவர் தோலும் வீடிழந்தவர் தோலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இனவெறிக்கு எதிராக ஐ.நா. 2001-ல் நடத்திய டர்பன் மாநாட்டில் சாதியை இனவெறியோடு சேர்க்கக் கூடாது என்று நம் அரசு பிடிவாதமாக நின்றது. அரசுக்காவது வெளியுறவுச் சங்கடம். உங்கள் கட்டுரையாளருக்கு என்ன சங்கடம்? ஆறு பக்கத்தில் சாதிக்கு ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.

2017-ல் பா.ஜ.க.வின் முன்னாள் எம்.பி. தருண் விஜய், இந்தியர்கள் இனவெறியர்கள் அல்ல என்று வாதாடி, தென்னிந்தியர்களோடு நாங்கள் வாழவில்லையா, எங்களைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசியபோது தமிழ்நாடே கொதித்தது. நீங்களும் கொதித்துத் தலையங்கம் எழுதினீர்கள், நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். மகள் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக்கூட ஒடிசா, பீகார் பையன்கள் வந்து கேட்டால் ‘வடக்கனுக்கு வீடு இல்ல’ என்பதுதான் பதில். சொல்கிறவர்கள் அன்றைக்குக் கொதித்தவர்கள்தாம்.

இதையெல்லாம் எழுத எங்கள் பக்கத்தில் ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தருமபுரி என்றாலே உங்களுக்கு அதியமான் நெல்லிக்கனி, ஒகேனக்கல், மிஞ்சினால் ‘பின்தங்கிய மாவட்டம்’. சிந்திக்கிறவர்களைச் சென்னையிலேயே தேடிக்கொள்கிறீர்கள். நடக்கட்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். அதே இதழின் கடைசிப் பக்கங்களில் மணமகள் தேவை விளம்பரங்கள். ‘சிவந்த நிறம், குடும்பப் பாங்கு.’ உங்கள் விளம்பரப் படிவத்திலேயே ‘நிறம்’ என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறீர்கள். மகளுக்காக நானே அதை நிரப்பியிருக்கிறேன், ‘மாநிறம்’ என்று. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். உயரம், சம்பளம், ராசி, நட்சத்திரம் எல்லாம் இருக்கின்றன, வருமானம் குறையாது. சாதிக் கட்டத்தையும் எடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல.

போன முறை என் கடிதத்தில் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். இம்முறையும் வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து போடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, நெடுநாள் சந்தாதாரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்