பௌத்தம் கூறும் மறுபிறப்பில் ஆன்மாவுக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரணத்துக்குப் பின் என்ன என்பது பற்றிச் சமயங்கள் கூறுவனவற்றைத் தொகுத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ஆன்மா ஓர் உடலை விட்டு இன்னோர் உடலில் புகுகிறது என்று புத்தர் போதித்ததாகக் கூறுகிறது. அவர் வெளிப்படையாக மறுத்த கருத்தே அவர் பெயரில் அச்சேறியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களுள் ஒன்றான மச்சிம நிகாயத்தின் 38ஆவது உரையில், மீனவர் குலத்தில் பிறந்த ஸாதி என்ற பிக்கு (பௌத்தத் துறவி), ஒரே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் சுற்றித் திரிகிறது என்று வாதிடுகிறார். புத்தர் அவரை அழைத்து, தாம் யாருக்கு அப்படிப் போதித்ததாக அறிந்தீர் என்று கடிந்துகொண்டு, காரணங்கள் கூடும்போதே உணர்வு தோன்றுகிறது, அவை இல்லையேல் அது இல்லை என்று விளக்குகிறார். அப்படியானால் மறுபிறப்பு எடுப்பது எது? மிலிந்த மன்னனின் இதே ஐயத்துக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி கூறிய விடை பெயர்பெற்றது: இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சி மட்டுமே உண்டு.

தமிழ் வாசகர் ஒருவர் மணிமேகலையைக் காட்டி இதை மறுக்கக்கூடும். ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து நாகர் நாட்டில் கரையேறியபோது, உடல் இங்கே கிடக்க உயிர் நெடுந்தொலைவு சென்றுவருவதைக் கனவில் காண்கிறாய் அல்லவா, அதுபோல இறந்தபின் உயிர் வினைக்கேற்ற உடம்பில் புகும் என்றே நாகர் தலைவனிடம் சொல்கிறான். ஆனால், மறுமை என்பதையே ஏற்காது கள்ளும் ஊனும் உண்டு களித்திருந்த ஒருவனுக்கு அவன் மொழியில் சொன்ன வாதம் அது என்பது என் கருத்து. அதே காப்பியத்தில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் இடத்தில், பேதைமை முதல் வினைப்பயன் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளே பிறவியை விளக்கிவிடுகின்றன. பெயர்ந்து செல்லும் ஆன்மா அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை.

உயிர்களின் தோற்றம் பற்றிய பகுதியிலும் பிழை உண்டு. இன்னொரு பாலித் தொகுப்பான தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ உரையைக் கட்டுரையாளர் பௌத்தரின் படைப்புக் கதை என்கிறார். உலகம் ஒடுங்கி மீண்டும் விரியும்போது, ஆபஸ்ஸரம் என்ற ஒளிமயமான தேவருலகிலிருந்து ஒளியுடலோடு வந்த உயிர்கள், நீர்மேல் பாலாடைபோல் படர்ந்த மண்ணின் சுவையை விரலால் தொட்டு உண்ண, அவற்றின் ஒளி மறைந்து உடல் தடித்தது என்பதே அக்கதை. இங்கே படைப்பவர் எவரும் இல்லை. அவ்வுயிர்களும் ஏற்கெனவே வேறோர் உலகில் வாழ்ந்தவையே. பிராமணர் பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தோர் என்ற உரிமைக்கு எதிராக, வாசெட்டர், பாரத்துவாசர் என்ற இரு பிராமண இளைஞரிடம் புத்தர் கூறியது இது. தனியுடைமை, களவு, அரசு, வருணம் ஆகியவை எப்படி வந்தன என்பதே அதன் பெரும்பகுதி. பிறவிச் சுழலின் தொடக்கம் அறியப்படாதது என்று சம்யுத்த நிகாயம் என்ற மற்றொரு பாலித் தொகுப்பு கூறுவதும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

மேலும், இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் இடையே 49 நாள் வரை நீளும் இடைநிலை உண்டு என்பது திபெத்திய மரபில் பரவலான கொள்கை; இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் நிலவும் தேரவாத மரபின் கதாவத்து என்ற நூல் அத்தகைய இடைநிலையை மறுக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பௌத்தர் அனைவரின் நம்பிக்கையாகக் காட்டியதையும், மேற்சொன்ன இரு பிழைகளையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்