கடைசி வரியில் ஒரு பெயர்

தம்பிலுவில்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மகளுக்கு,

அம்மா நல்ல சுகம். முழங்கால் நோவு மழைக்கு மட்டும்தான் எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் சுகத்தை முதல் வரியிலேயே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, அது மறுகா வரும். நானும் சுகம். கண்ணுக்கு வில்லை வைத்த பிறகு வேலிக்கு அங்கால் நிற்கும் ஆட்டின் தாடி மயிரைக்கூட எண்ணலாம் போல இருக்கிறது.

வட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாலு சொல் கதைப்பதற்குள் ‘சாப்பிட்டீங்களா’ வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு கதை கறியோடு முடிந்துவிடும். இது புத்தகங்களைப் பற்றிய கதை. ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது அலுமாரி மேல்தட்டில் நீ விட்டுப்போன ஐந்து புத்தகங்களையும் படித்து முடித்துவிட்டேன். சிரிக்காதே. நெல் விலை, மரண அறிவித்தல், இவற்றைத் தவிர வேறொன்றும் வாசிக்காத மனுசன்தான். அதுவும் காதல் கதை. பத்தாம் வகுப்பில் உன் கையிலிருந்து ஒரு நாவலைப் பறித்து, படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று குசினி மேல்தட்டில் ஏற்றி வைத்தவனும் நான்தான். நீ மறந்திருப்பாய். அது எந்தப் புத்தகம் என்பதை நான் மறந்துவிட்டேன், பறித்ததை மறக்கவில்லை.

தடித்த புத்தகம், சீக்கிரம் முடியாது என்று மோகமுள்ளை முதலில் எடுத்தேன். பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்து நினைத்து உருகுகிறான். எழுத்து அருமை, கும்பகோணத்துத் தெருவில் நானே நடந்த மாதிரி. ஆனால் பாபுவை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு போகம் வயல் செய்ய விட்டிருந்தால் பாதி வருத்தம் தீர்ந்திருக்கும். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ரங்கண்ணாவும் கூட்டாளி ராஜமும்தான் எனக்குப் பிடித்த ஆட்கள். ராஜம் வருகிற பக்கம் வந்தால் நிமிர்ந்து உட்காருவேன். காதலிக்கிறவனின் புலம்பலை முகம் சுழிக்காமல் கேட்கிறவன் இருக்கிறானே, அவன் பாடு பெரிய பாடு.

தஸ்தயெவ்ஸ்கியின் வெண்ணிற இரவுகள் ஒரே இருப்பில் முடிந்தது. 1848 இல் எழுதிய கதை. பீட்டர்ஸ்பர்க்கில் கோடை இரவு சரியாக இருட்டாதாம், நாலு இரவுக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. கண் தெரியாத பாட்டி, பேத்தி நாஸ்தென்கா எங்கேயும் போய்விடாதபடி அவளுடைய உடுப்பைத் தன் உடுப்போடு ஊசி குத்தி வைத்திருக்கிறாள். இதை அம்மாவிடம் சொன்னேன். “எங்கட அம்மாவுக்கு ஊசி தேவைப்படல்ல, பார்வையே போதும்” என்றா. நாஸ்தென்கா அந்தப் பொடியனிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறாள்: சிநேகமாக இரு, காதல் மட்டும் வேண்டாம். அவனும் ஓம் என்கிறான். மாரி மழையிடம் வாய்க்காலுக்குள் மட்டும் ஓடு என்று சொன்ன மாதிரி. கடைசியில் அவளுடைய கடிதத்தை இன்னொருத்தனுக்காகக் கொண்டுபோகிறவனும் இவன்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய வயதில் கேட்கவில்லை.

பஷீரின் பால்யகால சகி வேறு மாதிரி. மலையாளத்தில் 1944 இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால், கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான் மஜீத். இரண்டு ஆறு சேர்ந்தால் ஒரு பெரிய ஆறுதானே என்பது அவன் கணக்கு. வாத்தியார் அவனுக்கு அடி போடுகிறார். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்ட அன்றைக்குக் களப்பையும் கடலையும் பார்த்தவன் எவனும் அவனுக்கு முழுப் புள்ளி போடுவான்.

மஜீத் தங்கைகளுக்குச் சீதனம் தேட ஊரை விட்டுப் போகிறான். போகிற நேரத்தில் சுகரா ஏதோ சொல்லத் தொடங்குகிறாள், பஸ் ஹோர்ன் அடித்துவிடுகிறது. பிறகு ஒரு கால் போய், தூர ஊரில் சாப்பாட்டுக் கடையில் எச்சில் கோப்பை கழுவுகிறான். அவள் செத்துப்போன செய்தி அங்கேதான் வருகிறது. அவள் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வியோடு புத்தகம் முடிகிறது. நான் 1988 இல் சவூதியின் தம்மாமுக்குப் போய் முதல் எட்டு மாதம் மெஸ்ஸில் கோப்பை கழுவினவன். உனக்கு இரண்டு வயது. சவர்க்காரத் தண்ணியில் விரல் இடுக்கெல்லாம் வெளிறி அவிந்திருக்கும். அந்தக் கையோடு இருந்து எழுதிய கடிதங்களில் நான் ஒரு நாளும் கோப்பை என்ற சொல்லை எழுதவில்லை. ‘வேலை லேசு’ என்றுதான் எழுதினேன்.

கசகறணத்தை இந்தப் புத்தகங்களோடு ஏன் வைத்தாய் என்று முதலில் விளங்கவில்லை. விமல் குழந்தைவேல் நம்ம பக்கத்து ஆள், பேச்சு அப்படியே நம்ம பேச்சு. அக்கரைப்பற்றுச் சந்தையில் தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் அடுத்தடுத்து இருந்து விற்று வாழ்ந்த காலம், அது கலைந்த காலம். நான் பயற்றங்காய்க் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போன சந்தை அது. சில பக்கங்களை மூக்கால் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் கருவாட்டு மணம் வந்தது. பாதியில் விளங்கிவிட்டது. இதுவும் சிநேகக் கதைதான்.

தம்மாமில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் காத்தான்குடி முஸ்லிம் ஒருவருடையது, காக்கா, அண்ணன் என்ற முறையில், அப்படித்தான் கூப்பிடுவோம். நம்ம ஊர்களைப் போலத் தம்மாமும் கிழக்கு மாகாணம்தான், சவூதியின் கிழக்கு மாகாணம். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். 1990 ஆகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் இறங்கியது. அங்கே எல்லோரும் அந்தப் பயத்தில் இருக்க, மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த சனத்தைப் புலிகள் சுட்டார்கள். செய்தி வந்த இரவு அவரும் நானும் ஒரே அறையில். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, நான் செய்யாததற்கும் வெட்கம் வரும் மகள். காக்கா நெடுநேரம் கதைக்கவில்லை. பிறகு எழும்பித் தேத்தண்ணி வைத்தார். இரண்டு கோப்பை வைத்தார். இதற்கு மேல் எழுத என்னால் இயலாது.

அவரிடம் ஒரு சின்ன ரேப் ரெக்கோடர் இருந்தது. இரவில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு மனைவியோடு கதைப்பார். இன்றைக்கு என்ன ஆக்கினோம், எவன் குறட்டை விடுகிறான், வெயிலுக்கு உதடு வெடித்தது, எல்லாம் அந்தக் கசெற்றில் இருக்கும். லீவில் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நாங்கள் பகிடி பண்ணுவோம். பெண்டாட்டியோடு கதைக்க ஒரு மிசினா என்று அதிகம் பகிடி பண்ணியவன் நான்.

சரி, ஜமீலாவுக்கு வருகிறேன். கடிதம் எழுத வைத்ததே அதுதான்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதி 1958 இல் வந்த கிர்கிஸ் நாட்டுக் கதை. கைக்கடக்கமான புத்தகம். யுத்த காலம், ஆண்கள் போர்முனையில். ஜமீலாவும், அவளுடைய புருசனின் தம்பி முறையான சயித் என்ற பொடியனும், காலில் காயப்பட்டுத் திரும்பிய தானியார் என்ற ஊமைக்கோட்டான் மாதிரி ஒருத்தனும் தானிய மூடைகளைக் குதிரை வண்டியில் ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போகிறார்கள். ஒருநாள் பகிடிக்கு, இரண்டு பேர் பிடிக்கிற ஒரு மூடையைத் தானியாரின் வண்டியில் வைத்துவிடுகிறார்கள். ஏழு பூட் மூடை, பூட் என்பது பழைய ரஷ்ய நிறை அளவு. நூற்றுப் பதினைந்து கிலோ அளவில் வருகிறது. நம்ம நெல் மூடை அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

அவன் ஒன்றும் சொல்லாமல் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு, லொறிக்குப் போடுவோமே அது மாதிரிப் பலகையில் நொண்டி நொண்டி ஏறுகிறான். கீழே நிற்கிற சனம் வாயடைத்துப் போகிறது. போடு, கீழே போடு என்று ஜமீலா கத்துகிறாள். அவன் போடவில்லை. களவெட்டியிலிருந்து வரம்பு நெடுக மூடை சுமந்தவன் நான். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது என் பிடரி கடுத்தது. கை தானாகப் போய்த் தடவியது. அதிகமாகக் கதைக்கிற காதலர்களை எனக்கு நம்பிக்கை இல்லை. இவனை நம்பினேன்.

பிறகு, வெறும் வண்டிகளோடு திரும்பும் ஓர் இரவில் அவன் பாடுகிறான். பாட்டு என்ன என்பதைவிட அந்த வெளியும் இருட்டும்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வயல் வட்டையில் யானைக்குக் காவல் இருந்த காலத்தில் அங்கால் பரணில் ஒருத்தன் கவி படிப்பான். முகம் தெரியாது, குரல்தான். இங்காலிருந்து நாங்கள் பதில் படிப்போம். இல்லாத மச்சிக்கெல்லாம் கவி படித்தோம். அவனை நான் பகலில் ஒரு நாளும் சந்திக்கவில்லை, ஆனாலும் கூட்டாளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜமீலாவின் புருசன் சாதிக் போர்முனையிலிருந்து கடிதம் எழுதுவான். முறை தவறாத பிள்ளை. தாய் தகப்பனுக்கு வணக்கம், ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம், இனசனத்துக்கு எல்லாம் வரிசையாக வணக்கம், கடைசி வரியில் ஜமீலாவுக்கும் ஒரு சலாம். மனைவியை முதலில் எழுதினால் மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். சயித் கடிதத்தை உரத்து வாசிப்பான், ஜமீலா அந்தக் கடைசி வரி வரும் வரை நின்று கேட்பாள்.

புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவின் அலுமாரிக்குள் இருந்த மஞ்சள் பிஸ்கட் டின்னை எடுத்தேன். என் கடிதங்கள், நீல எயார் மெயில், 43 இருக்கிறது. எல்லாம் உன் தாத்தா பெயருக்கு வந்தவை. அம்மாவின் வீட்டில்தான் நாம் இருந்தோம், வீட்டில் பெரியவர் மாமாதானே. மாமா சுகமா, மாமி சுகமா, பெரிய மச்சான், சின்ன மச்சான், பிள்ளைகள், மாடு கன்று போட்டதா. மறுகா, மடிக்கிற விளிம்புக்குக் கிட்ட இடம் நெருக்கி, ‘பிள்ளைகளின் தாயாரும் சுகமென நம்புகிறேன்’. பெயர்கூட இல்லை மகள். 43 கடிதத்திலும் உன் அம்மாவின் பெயர் ஓரிடத்தில்தான் வருகிறது, அதுவும் வங்கிப் புத்தகம் யார் பெயரில் என்று சொன்ன இடத்தில். 1990 இல் நீங்கள் எல்லோரும் வீட்டை விட்டு ஓடித் திரும்பிய பிறகு எழுதியதில், கூரைத் தகடு எத்தனை போனது என்று கேட்டிருக்கிறேன்.

சாதிக்கைத் திட்டத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

அம்மா கொல்லைத் திண்ணையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கதையைச் சொன்னேன். என் கடிதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சாதிக்கின் கடிதத்தை மட்டும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

“மறுகா அந்தப் புள்ள என்ன செய்த?”

“புருசன் வாறதுக்கு முதல் தானியாரோட போயிற்றாள்.”

செவுளைப் பிடுங்கிப் பூனைக்கு எறிந்தா. “நல்லம்” என்றா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “நமக்கு அப்படி மூடை தூக்கிற ஒருத்தனும் அம்பிடல்ல” என்றா. சிரித்தாவா இல்லையா என்று தெரியவில்லை, குனிந்திருந்தா. டின்னைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன் போல. பின்னேரம் பார்த்தால் அது சரியான இடத்துக்குப் போயிருந்தது.

இப்போது ஒரு புதுப் பழக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜமீலாவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். முடிவு தெரிந்தும் கேட்கிறா. அடுத்த முறை வரும்போது பெரிய எழுத்தில் அச்சடித்த புத்தகமாகப் பார்த்துக் கொண்டு வா. சோகமாக முடிந்தாலும் பரவாயில்லை, ஆனால் பாபு மாதிரி ஆட்கள் வேண்டாம். அரிசிமா, மிளகாய்த்தூள், கச்சான் மூன்றும் அடுத்த கிழமை கொழும்புக்குப் போகிறவர் கையில் வரும்.

நேற்று இரவு மூடை இடம் வந்தது. தானியார் பாதிப் பலகையில் நிற்கிறான். எனக்குக் கண் கூசியது, நாளைக்குப் பார்ப்போம் என்று புத்தகத்தை மூடினேன். அம்மா பாயில் எழும்பி உட்கார்ந்துவிட்டா.

“மூடையோட அவன நடுவுல நிப்பாட்டிப்போட்டு நித்திரைக்கா போறீங்க? அவன் ஏறி முடியட்டும்.”

ஏறி முடிந்த பிறகுதான் லைற்றை அணைத்தோம்.

அன்புடன்,
அப்பா