ஏழு பகலில் எத்தனை மணி நேரம் பஸ்ஸில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியர்கள் 14 நாள் வரை சுற்றிப்பார்க்க விசா வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் சொன்னதிலிருந்து, அந்த ஊர் டூர் விளம்பரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரே இல்லை. அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் நானும் என் தங்கையும் செப்டம்பரில் போய்வந்தோம். ஆறு இரவு, ஏழு பகல், மணிலா, தகாய்தாய், செபு, போஹோல். திருச்சியிலிருந்து ஆளுக்கு 74,999 ரூபாய்.

போனதில் வருத்தமில்லை. ஆனால் "ஏழு பகல்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற நர்ஸ், எதையும் குறித்துவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பஸ்ஸிலும் உள்ளூர் விமானத்துக்கும் கப்பலுக்கும் காத்திருந்தும் உட்கார்ந்த நேரத்தை டைரியில் எழுதிக்கொண்டே வந்தேன். 41 மணி நேரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக மணிலா போய்த் திரும்பியது இந்தக் கணக்கில் இல்லை.

மணிலாவிலிருந்து தகாய்தாய் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஏழு மணிக்குக் கிளம்பி, மணிலா நெரிசலில் ஊர்ந்து, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரி நடுவே இருக்கும் தால் எரிமலையை மேலிருந்து பார்க்கவேண்டிய இடம் அது. 2020 ஜனவரியில் வெடித்து மணிலா வரை சாம்பல் தூவிய மலை. எங்களுக்கு வாய்த்தது மூடுபனி, எதிரே வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல. வேட்டியை நாற்பது நிமிடம் பார்த்தோம். மூடுபனிக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, சரி. ஆனால் திரும்பும் வழியில் நினைவுப்பொருள் கடையில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்களே, அதை யார் கேட்டது?

போஹோல் வேறு ரகம். சாக்லேட் மலைகள் என்று ஆயிரத்து இருநூறுக்கும் மேல் சுண்ணாம்புக் குன்றுகள், கவிழ்த்துவைத்த கொட்டாங்கச்சி மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கோடையில் புல் காய்ந்து பழுப்பாகுமாம், பெயர் அதனால் வந்தது. நாங்கள் போனபோது பச்சையாக இருந்தது, அதுவும் அழகுதான். தார்சியர் என்ற குட்டி விலங்கு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், ஒவ்வொரு கண்ணும் அதன் மூளையை விடப் பெரிது. இரவில் நடமாடும் ஜீவன், பகலில் சத்தம் போட்டால் மிரண்டுவிடும், வாயைத் திறக்காதீர்கள் என்று காவலர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டே கூட்டிப்போனார். எங்கள் குரூப்பில் இருபத்தெட்டு பேர். உள்ளே போன மூன்றாவது நிமிடம் ஒருவர் போனில் பக்திப்பாட்டு ரிங்டோன்.

போஹோலுக்குக் கொடுத்தது ஒரே ஒரு முழு நாள். அதை ஒட்டிய பங்க்லாவோ தீவில் 2018-லிருந்து விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து நேராக மணிலாவுக்குப் பறக்கலாம். நாங்களோ இரண்டு மணி நேரம் கப்பலில் செபுவுக்குத் திரும்பி, அங்கே நான்கு மணி நேரம் தாமதமான விமானத்துக்குக் காத்திருந்து மணிலா வந்தோம். செபுவுக்கே போகவர டிக்கெட் எடுத்தால் மலிவு என்றார் கைடு. மலிவு அவர்களுக்கு, பகல் எங்களுடையது.

அப்புறம் "எல்லாம் உட்பட" என்ற வார்த்தை. விசாவே வேண்டாத நாட்டுக்கு "விசா உதவி" என்று ஆளுக்கு 3,500 வாங்கினார்கள். போவதற்கு முன் ஆன்லைனில் ஈ-டிராவல் பதிவு செய்யவேண்டும், அதற்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. அதற்கும் 500. கைடு, டிரைவர் டிப்ஸ் தினம் ஐந்து டாலர், கட்டாயம்.

சாப்பாட்டில் தங்கைதான் கஷ்டப்பட்டாள், அவள் முழுச் சைவம். "இந்திய உணவு" என்பது மதியம் மட்டும், ஆறு நாளும் அதே தால், அதே உருளைக்கிழங்கு. வெளியே காய்கறி கேட்டாலும் மீன் சாறோ இறால் விழுதோ சேர்ந்தேதான் வருகிறது. மாம்பழமும், காலையில் தோளில் இரண்டு வாளி தொங்க "தஹோ" என்று கூவி வருபவரும்தான் அவளைக் காப்பாற்றினார்கள். சூடான இளம் சோயாத் தயிரில் வெல்லப்பாகு, ஜவ்வரிசி. இது எங்கள் டூர் திட்டத்தில் இல்லாத பொருள்.

ஜீப்னியும் திட்டத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டிப் பிறந்த வண்டி. ஒருநாள் மாலை ஷாப்பிங் மாலில் இறக்கிவிட்டதும் நாங்கள் இருவரும் நழுவி அதில் ஏறிவிட்டோம். கட்டணத்தை, சென்னை பஸ்ஸில் செய்வது போல, கைமாற்றிக் கைமாற்றி டிரைவரிடம் அனுப்புகிறார்கள். "பாயாத் போ" என்று சொல்லவேண்டும். அந்த "போ" நம்ம "ங்க" மாதிரி, மரியாதைக்கு. பக்கத்திலிருந்த பாட்டி எங்களைப் பார்த்து "பும்பாய்? ஃபைவ் சிக்ஸ்?" என்று சிரித்தார். பும்பாய் என்றால் அங்கே இந்தியர். ஐந்து கடன் வாங்கினால் ஆறாகத் திருப்பும் கந்துவட்டித் தொழிலை அங்கே வட இந்தியர்கள் பல காலமாகச் செய்வதால், இந்தியர் என்றாலே அந்த நினைப்பாம்! இல்லை பாட்டி, பென்ஷன் என்றேன், புரிந்ததோ என்னவோ.

குரூப் டூரே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு இரண்டு பெண்கள் தனியாகக் கிளம்பியிருக்க மாட்டோம். கப்பல் துறையில் எங்கள் பெட்டிகளைத் தூக்கியது கரூர்க் குடும்பத்துப் பையன்கள்தான். நான் கேட்பது இவ்வளவுதான்: எத்தனை இடம் என்று போடுவதோடு, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம், வண்டியில் எத்தனை மணி நேரம் என்றும் விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள்.

கூடவே, செப்டம்பரில் ஏன் இவ்வளவு மலிவு என்பதையும். ஆண்டுக்குச் சராசரியாக இருபது புயல் அந்த நாட்டுப் பக்கம் வருகிறது, ஜூன் முதல் நவம்பர் வரை அதிகம். எச்சரிக்கை ஏறிவிட்டால் கடலோரக் காவல்படை கப்பலை விடாது. எங்களுக்கு அதிர்ஷ்டம், ஒன்றும் நடக்கவில்லை. அப்படி மாட்டிக்கொண்டால் கூடுதல் நாள் ஹோட்டல் செலவு யாருடையது என்று திரும்பி வந்து கேட்டேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், எங்களுடையதுதான்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாசகி