நீலக் கையுறையையும் மூக்கையும் நம்பாதீர்கள்

வேதியியல் ஆய்வகங்களை நடத்தும் பேராசிரியர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைப் பற்றித்தான் இந்த மடல். ஈதரைப் போல அது சட்டென்று தீப்பற்றாது. அதனாலேயே சாதுவான கரைப்பான் என்ற பெயர் வாங்கிவிட்டது. மாணவர்கள் அதைத் திறந்த மேசையிலேயே வைத்துப் புழங்குகிறார்கள். எனக்கு இது பெரிய கவலை.

அதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். வெயில் ஏறிய அறையில் மூடியைத் திறந்தாலே புஸ்ஸென்று ஆவி வெளியேறும். அந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். மேலே போகாமல் மேசையிலும் தரையிலும் படரும். கூரையோரம் சுழலும் மின்விசிறியால் பெரிய பயன் இல்லை.

மணம் வந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். தெரியாது. அமெரிக்கப் பணியிட விதிப்படி 8 மணி நேரச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்குதான். பலருக்கு அந்த இனிப்பு மணம் எட்டும்போதே காற்றில் இருக்கும் அளவு இதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். அப்புறம் மூக்கும் பழகிவிடும். உள்ளே போனதில் ஒரு பகுதியை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அறையை விட்டு வெளியே வந்த பிறகும் அது சில மணி நேரம் உருவாகிக்கொண்டே இருக்கும். இதய நோய் உள்ளவருக்கு இது பேராபத்து.

கையுறை விஷயம் இன்னும் மோசம். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறையை இந்தத் திரவம் ஓரிரு நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். முதலில் விரல் ஜில்லென்று இருக்கும், பிறகு எரியும். உறைக்குள் மாட்டிக்கொண்டது ஆவியாக வழியில்லாததால் எரிச்சல் கூடும். துளி பட்டதும் கழற்றி எறிந்துவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். அதிக நேரம் கையாள வேண்டிய வேலைக்குப் பல அடுக்குப் படலக் கையுறை வேண்டும். அதன் மேல் நைட்ரைலைப் போட்டால் பிடிமானம் கிடைக்கும். பாலிவினைல் ஆல்கஹால் கையுறையும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும்.

பிரிபுனலில் (கலக்காத திரவங்களைப் பிரிக்கும் குடுவையில்) குலுக்கும்போது அழுத்தம் ஏறும். பைகார்பனேட் கரைசலோடு குலுக்கினால் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்துகொள்ளும். ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்ததுமே குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தண்டின் முனை எவர் முகத்தையும் பார்க்கக் கூடாது, புகைக்கூண்டின் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டின்) உட்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரோடு சேர்ந்தால் டைகுளோரோமீத்தேன்தான் கீழ் அடுக்கு, அடர்த்தி தண்ணீரைப் போல 1.33 மடங்கு என்பதால். (மேல் அடுக்கு என்று நினைத்து விளைபொருளை வடிகாலில் விட்டவர்கள் ஏராளம்.)

கழிவுக்குத் தனி கேன் வையுங்கள். சோடியம் உலோகம் அதன் அருகிலேயே வரக் கூடாது. சோடியம் அசைடு கலந்த கழிவை இதோடு சேர்த்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம்.

உங்களிடம் கேட்பது மூன்று. இந்தக் கரைப்பானைத் தொடும் வேலை எல்லாம் புகைக்கூண்டுக்குள் போகட்டும். சரியான கையுறையை வாங்கி வையுங்கள். எத்தில் அசிட்டேட்டால் முடியும் பிரித்தெடுத்தல்களைப் பாடத்திட்டத்திலேயே மாற்றுங்கள். அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன்பே இதைச் செய்தால் நல்லது.

அன்புடன்,
ஓர் ஆய்வக உதவியாளர்