சானல் கரையில் ஒரு நடைபாதை போட்டுத் தாருங்கள்

கோதையாறு இடதுகரைச் சானல் என்ற பாசனக் கால்வாயைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களின் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு என் அம்மா ரோட்டோரம் விழுந்துவிட்டார். கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வளைவில் திரும்பி வந்தது. ஒதுங்க இடம் இல்லை. ஓடைக்குள் கால் போய்விட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வயது 74. சர்க்கரை இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் நடக்கப் போனார். கட்டுப் பிரித்த பிறகும் ரோட்டுக்கு வர மறுத்துவிட்டார். இப்போது வீட்டு முற்றத்திலேயே அங்குமிங்குமாக நடக்கிறார், கிணற்றடியிலிருந்து வாசல் வரை, இருபது தடவை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். சானல் கரையில் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு, வயதானவர்கள் பயமில்லாமல் நடக்கும்படி ஒரு பாதை வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் ஏற்ற இறக்கம் இல்லாமல் நடக்க வேறு இடம் கிடையாது. எந்த ரோட்டைப் பிடித்தாலும் ஒரு ஏற்றம், அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் ஒரு இறக்கம். ரப்பர் தோட்டத்துக்குள் போனால் அதைவிட மோசம். சானல் மட்டும்தான் குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் வேகமாக ஓடிக் கரையை அரிக்கக் கூடாது. அதற்காகச் சரிவைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைத்து, குன்று வளையும் இடத்தில் சானலையும் வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது 12 அடி நீளத்துக்கு ஒரு அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. சானல் கரையில் அந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அதைக் கட்டிய எஞ்சினியர் மிஞ்சினை நம் பாட்டாமார் மூக்கன் துரை என்பார்கள். அவர் கல்லறை அணைப்பக்கத்திலேயே இருக்கிறது. அவரைப் போன்றவர்களும், அவர்களோடு மண் சுமந்த நம் ஆட்களும் தண்ணீருக்காக மட்டம் பார்த்துப் போட்ட கரை, முட்டு வலிக்காரர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தண்ணீருக்குப் பக்கத்தில் நடப்பது எவ்வளவு சுகம் என்பதை மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பார்க்கலாம். 1966இல் கட்டிய பாலம். பரளியாற்றுக்கு 115 அடி மேலே பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர் தொட்டியில் ஓட, அதை ஒட்டியே நடந்து போகலாம். எங்கிருந்தெல்லாமோ வந்து அங்கே நடந்துவிட்டுப் போகிறார்கள். அந்த உயரமும் அந்தக் காட்சியும் நம் கரையில் கிடையாது. ஆனால் தண்ணீர் ஓடும் அதே சத்தம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, தினமும் போகிற தூரத்தில் இருக்கிறது.

போன பங்குனியில் அம்மாவை நம் சானல் கரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். முதல் அரை கிலோமீட்டர் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார், அவ்வளவு சந்தோஷம். அப்புறம் மழைத் தண்ணீர் அரித்து ஒரு ஆள் இறங்கும் அளவுக்குக் கரை பிளந்து கிடந்தது. தாண்ட முடியாமல் திரும்பிவிட்டோம். அங்கே நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மக்ளே, ரோட்டில நடந்தா லாரி, இங்க நடந்தா குழி. பின்ன எங்கதான் நடக்கியது?” என்றார்.

இது நடக்கத் தெரிந்த மாவட்டம் ஐயா. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் என்று முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று நம் ஊர்கள் வழியாகத் திருநட்டாலம் வரை 12 கோயில்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு ஓடுகிறார்கள். “கோவிந்தா, கோபாலா” என்ற குரல் கேட்டதும் வண்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். வழியெல்லாம் மோரும் சுக்குத் தண்ணியும் கொடுக்கிறோம். நடப்பவருக்கு அந்த மரியாதை மற்ற நாட்களிலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, பாதை எப்படி இருக்க வேண்டும்? பேவர் பிளாக் வேண்டாம், வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குப் பெய்கின்றன. நிழலான இடத்தில் எதைப் போட்டாலும் பாசி பிடித்துவிடும். ஈரம் காயும் முன்பே வாரியலால் குறுக்கே கோடு இழுத்து விட்ட சாதாரணக் கான்கிரீட் போதும். அதில் கால் பிடிக்கும். ஐந்தடி அகலம் போதும். ஒரு கரையில் மட்டும் போடுங்கள். தூர்வார ஜேசிபி வந்துபோக மறுகரை வேண்டுமே.

மரங்களில் கை வைக்காதீர்கள். ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் 30 அன்று, சாய்ந்த மரங்கள் போக மிச்சம் இருப்பவை இவை. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை சானல் கரைகள் உடைந்தன என்பது உங்களுக்கே தெரியும். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான். வழியில் மரம் நின்றால் பாதை வளைந்து போகட்டும்.

கடவுகளைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். குளிக்கவும் துணி அலசவும் பெண்கள் இன்னமும் அங்கேதான் இறங்குகிறார்கள். நடைபாதை வந்தால் வெளியாட்களும் வருவார்கள், மொபைலோடு வருவார்கள். பாதை வந்ததால் அவர்கள் கடவை இழந்தார்கள் என்று ஆகிவிடக் கூடாது. கடவு வரும் இடங்களில் பாதையைக் கரைக்குப் பின்பக்கம் இறக்கி, நடுவில் கைதை (தாழை) புதரை அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். அதேபோல, விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் இந்தக் கரை வழியாகத்தான் போகிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். கார் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டால் போதும்.

வரவேற்பு வளைவு, சிலை, நீரூற்று எதுவும் வேண்டாம். உட்கார அங்கங்கே ஒரு கல் பெஞ்சும், சானல் ஆழமாக இருக்கும் வளைவுகளில் ஒரு கைப்பிடிக் கம்பியும் இருந்தால் போதும்.

வேலைக்கு ஏற்ற நேரமும் இருக்கிறது. கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் அடுத்த சாகுபடியான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணீர் ஓடும். மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு கிடக்கும். அந்த மூன்று மாதத்தில் உடைப்பை அடைக்கும் வேலையோடு சேர்த்தே இதையும் முடிக்கலாம்.

அதற்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தான் நடப்பார். எந்தெந்த இடத்தில் அவர் என் கையைப் பிடிக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால், பாதி எஸ்டிமேட் அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
சானல் கரை ஊர்க்காரி ஒருத்தி