பிறந்த மாதம் பார்த்து டீம் பிரிக்கிறார்கள்

கேரி, வட கரோலினா

அன்புள்ள செல்வா,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை விசிலைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பாதே. தங்கச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

கதிர் எப்படி ஆடுகிறான் என்று கேட்டிருந்தாய். நன்றாகத்தான் ஆடுகிறான். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது பேச்செல்லாம் அவன் எந்த டீமில் ஆடுவான் என்பதைப் பற்றித்தான். இங்கே சிறுவர் கால்பந்தில் வயதுப் பிரிவுக் கணக்கை மறுபடி மாற்றுகிறார்கள். இதுவரை ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரு பிரிவு. 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரு பிரிவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்பும் ஆகஸ்ட் கணக்குதான் இருந்தது. சர்வதேசப் போட்டிகளில் ஜனவரி 1 தான் எல்லை, நாமும் அப்படியே போவோம் என்று 2015-ல் இங்கத்திய கால்பந்துச் சம்மேளனமான யு.எஸ். சாக்கர் அறிவித்து, 2017-க்குள் நாடு முழுக்க மாற வைத்தது. 2024 நவம்பரில், அவரவர் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று அதுவே விட்டுவிட்டது. சிறுவர் கால்பந்தை நடத்தும் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற மூன்று அமைப்புகளும் சேர்ந்து முதலில் செப்டம்பர் 1 என்றன, கொஞ்ச நாளில் அதையும் ஆகஸ்ட் 1 என்று திருத்தின.

போன வருஷம் கதிருக்கு நடந்ததைச் சொன்னால் உனக்குப் புரியும். அவன் 2011 அக்டோபர். டீமில் பெரும்பாலானவர்கள் அதே ஆண்டின் முதல் பாதியில் பிறந்தவர்கள். இங்கே பள்ளிச் சேர்க்கைக்கு ஆகஸ்ட் 31 எல்லை. அதனால் அவர்களெல்லாம் ஒன்பதாம் வகுப்பு, இவன் எட்டு. ஒன்பதாம் வகுப்பென்றால் ஹைஸ்கூல். எங்கள் மாநிலத்தில் பையன்களின் ஹைஸ்கூல் சீசன் ஆகஸ்டில் தொடங்கி நவம்பர்வரை போகும். அந்த மாதங்களில் கிளப் டீம் இருக்காது, எல்லாரும் அவரவர் பள்ளிக்கு ஆடப் போய்விடுவார்கள். இவனுக்குப் பள்ளியும் இல்லை, கிளப்பும் இல்லை. இப்படி மாட்டிக்கொண்ட பையன்களை டிராப்டு பிளேயர் என்கிறார்கள். கிளப்பில் இருந்த மூன்று டீமிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஒரு ஒட்டு டீம் போட்டார்கள். முதல் ஆட்டத்தன்று பார்த்தால் இரண்டு 8-ஆம் நம்பர் ஜெர்சி. கோச் வெள்ளை டேப்பைக் கிழித்து, கதிர் முதுகில் 8-க்கு முன்னால் ஒரு கோடு ஒட்டி 18 ஆக்கினார். பாதி ஆட்டத்தில் வியர்வையில் டேப் உரிந்து விழ, ரெஃபரி இவனை வெளியே அனுப்பி மறுபடி ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. பழைய கணக்கே நீடித்தால் பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே கதைதான். கூட ஆடியவர்கள் முந்தைய வருஷமே கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

புதுக் கணக்கில் அவன் தன் வகுப்புப் பையன்களோடு சேர்ந்துவிடுகிறான். ஒரே சிக்கல், பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டாம் தடவையாக ஆடப்போகிறான். நம் ஊரில் ஃபெயில் ஆனவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்களோ என்று அவனுக்கு ஒரு கவலை.

இனியாவுக்கு நேர் எதிர். அவள் 2014 ஜூன். அவளுடைய உயிர்த்தோழி அதே ஆண்டு செப்டம்பர். தோழி பன்னிரண்டு வயதுப் பிரிவிலேயே நின்றுவிடுகிறாள், அங்கே ஒன்பதுக்கு ஒன்பது. இனியா பதின்மூன்றுக்குப் போகிறாள், அங்கே பெரிய மைதானம், பதினொன்றுக்குப் பதினொன்று. அங்கே 2013 ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்த பெண்களும் வந்து சேர்கிறார்கள். டீமுக்கு ஆள் எடுக்கும் டிரையவுட்டில் பார்த்தேன், அவர்களில் ஒருத்தியின் தோளுக்குத்தான் இவள் வருகிறாள். ஒரே வீட்டில் ஒன்றுக்கு லாபம், ஒன்றுக்கு நஷ்டம்.

குவீன்ஸில் இருக்கிற என் சித்தி மகனுக்கு இந்த மாற்றமே எரிச்சல். நியூயார்க் நகரப் பள்ளிகளில் டிசம்பர் 31 தான் எல்லை. அங்கே பழைய கணக்கு பள்ளியோடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, இனிமேல்தான் பிரியப் போகிறது.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றம் சரி என்றுதான் சொல்வேன். 2015-ல் செய்தது தேசிய அணிக்குப் போகப்போகும் கைப்பிடி அளவு பிள்ளைகளுக்காக. அதற்காக லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டாளிகளிடமிருந்து பிரித்தார்கள். உண்மையிலேயே மேலே போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாமே. பெரிய கிளப்புகளின் அகாடமிப் பையன்கள் ஆடும் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் லீகின் உயர்பிரிவில் பிறந்த ஆண்டுதான் தொடர்கிறது.

ஆனால் எந்தத் தேதியில் கோடு போட்டாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன் பொடியனாக நிற்பான். இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் செப்டம்பர் 1 எல்லை, அங்கே கிளப்புகள் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள்தான் குவிந்திருக்கிறார்கள். பதினோரு மாதம் மூத்தவன் ஓடுவதைப் பார்த்து திறமை என்று எழுதிக்கொள்கிறார்கள் கோச்சுகள். பிரீமியர் லீக் அகாடமிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயதுவரையுள்ள பையன்களில், பெரியவனானதும் எட்டப்போகும் உயரத்தில் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு சதவீதம் எட்டியவர்களை மட்டும் ஒன்றாக ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்கள், இடித்துத் தள்ள முடியாததால் யோசித்து ஆட வேண்டியிருந்தது என்றார்கள். தாமதமாக வளர்கிறவர்களுக்கு முதல் தடவையாகத் தங்கள் ஆட்டத்தைக் காட்ட இடம் கிடைத்தது. வருஷம் முழுக்க வேண்டாம், மாதம் ஒரு நாள் இப்படி ஆடவிட்டால் என்ன என்று எங்கள் கோச்சிடம் கேட்டேன். யோசிக்கலாம் என்றார். அதாவது, மாட்டார்.

நம் காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது, மக்கா. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மே மாதப் பிறந்தநாள், எல்லாம் ஹெட்மாஸ்டர் கணித்த ஜாதகம். உயரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டுமானால் உன் பள்ளியில்தான் போட வேண்டும். அண்டர் 14, 17, 19 என்று இரண்டு மூன்று வருஷங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பொடியனை எட்டாம் வகுப்பு மீசைக்காரனோடு நிறுத்துகிறாய். நீ எப்படிச் சமாளிக்கிறாய்? பொடியன்களை எங்கே ஆட வைக்கிறாய், விங்கிலா? இதைப் பற்றி விவரமாக எழுது.

அப்புறம், ஜூலையில் நாகர்கோவில் வருகிறோம். கதிரும் இனியாவும் அணிந்து சிறிதாகிப்போன பூட்ஸ் ஒரு பை நிறைய இருக்கிறது, நல்ல நிலையில்தான் இருக்கின்றன. உன் பிள்ளைகளின் பாத அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அனுப்பு. ஜூன் கடைசிக்குள் வந்தால் பெட்டி கட்ட வசதி.

அன்புடன்,
ராபின்