ஜெயித்த நாற்பது டாலர்

மதுரை,
ஞாயிறு மத்தியானம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். திருவிழாவுக்கு வந்திருந்த உன் சித்தி குடும்பமும் ஒருவழியாக பஸ் ஏறிவிட்டது. வெயில் மட்டும் போகிற மாதிரி தெரியவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் என் போனை என்னைவிட அம்மாதான் அதிகம் பார்க்கிறாள். அதனால் பழையபடி பேப்பரும் பேனாவும். நாளைக்குக் காலையில் நடக்கப் போகிற சாக்கில் பெரிய போஸ்டாபீஸில் நானே போட்டுவிடுவேன்.

நேற்று காலை நீ கூப்பிட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அது உனக்குத் தெரியாது. "அப்பா, இன்னைக்கு பூல் ஆட்டத்துல அந்த லாரி டிரைவர்கிட்ட அறுபது டாலர் போச்சு" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா அங்கேயே மனக்கணக்குப் போட்டு "ஐயாயிரத்துக்கு மேல வருது" என்றாள். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த இட்லிச் சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில்தான் நீ கேட்ட கேள்விக்கு "அப்புறம் பேசலாம்மா" என்று சொல்லி வைத்தேன்.

நம்மைவிடப் பெரிய ஆட்டக்காரர்களோடு காசு வைத்து ஆடினால்தான் ஆட்டம் ஏறும் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்டாய். உண்மைதான். எனக்கு அப்படித்தான் ஏறியது. ஆனால் நீ பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். புதிதாக ஒருத்தர் வருகிறார், அவரிடம் இரண்டு வாரமாக ஜெயிக்கிறேன், நாற்பது டாலர் வந்திருக்கிறது என்றாய். அம்மாவுக்கு அந்த அறுபதில் தூக்கம் போயிற்று. எனக்கு இந்த நாற்பதில்.

கிளப்பில் ஸ்னூக்கர் மார்க்கராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அதற்குமேல் நான் உன்னிடம் சொன்னதில்லை. காலையில் போனவுடன் டேபிளை பிரஷ் போட வேண்டும். டேபிள்மேல் இருக்கிற துணிக்கு ரோமம் உண்டு, அது சாய்ந்திருக்கிற பக்கமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் பால், அதாவது பந்து, மெதுவாகப் போகும்போது கோணிக்கொள்ளும். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. சாயங்காலம் மெம்பர்கள் வந்தால் பாயிண்ட் எழுதுவது, குழியில் விழுந்த பாலை எடுத்து வைப்பது. சுவரில் 'பணம் வைத்து ஆடக் கூடாது' என்று ஒரு போர்டு தொங்கியது. அதற்குக் கீழே நின்றுதான் இரண்டு பேரும் காசை என்னிடம் கொடுப்பார்கள். இடது பக்கப் பையில் ஒருத்தர் காசு, வலது பக்கம் இன்னொருத்தர் காசு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரிடம் இரண்டையும் கொடுத்துவிடுவேன்.

முதலிலேயே வாங்கி வைப்பதற்குக் காரணம் இருந்தது. பந்தயத்தில் தோற்ற காசைக் கேட்டு இங்கே கோர்ட்டுக்குப் போக முடியாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், மெம்பரில் ஒரு வக்கீல் இருந்தார். ஒவ்வொரு தடவை தோற்றபோதும் இந்தப் பிரிவைச் சொல்லிக்கொண்டேதான் பர்ஸை எடுப்பார்.

எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒரு பெரியவர். எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவோம். 1991-ல் எனக்குச் சம்பளம் 900 ரூபாய். அவர் என்னோடு ஆட 5 ரூபாய் கேட்பார். தோற்றால் நான் தர வேண்டும், ஜெயித்தால் அவர் தருவார். ஜெயித்தால்! "ஐயா, நான் உங்களுக்கு டீ வாங்கித் தர்றேன், சும்மா ஆடுவோமே" என்று ஒரு நாள் கெஞ்சினேன். "ஓசில கத்துக்கிட்டா ஒரு வாரத்துல மறந்துபோயிரும்டா. அஞ்சு ரூவா குடுத்துப் பாரு, ராத்திரி தூக்கம் வராது. தூக்கம் வராம பொரண்டுக்கிட்டுக் கெடக்கைலதான் ஆட்டம் புரியும்" என்றார். அவருக்கு அந்த 5 ரூபாய் பெரிசில்லை. காசு இல்லாமல் ஆடினால் அவருக்கே ஆட்டத்தில் கவனம் இருக்காது, கண்டபடி அடிப்பார். அப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்வது? காசு வைத்தால் அவருடைய உண்மையான ஆட்டம் வெளியே வரும். நான் 5 ரூபாய் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

முதல் இரண்டு மாசம் அவர் எந்தப் பாலைப் போடுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கியூ குச்சியாலேயே முட்டியில் ஒரு தட்டு தட்டினார். "விழுந்த பாலைப் பாக்காத. அது செத்த பால். வெள்ளையப் பாரு." மறுநாள் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினேன். பக்கத்துக்கு ஒரு டேபிள் வரைந்து, அவருடைய ஒவ்வொரு அடிக்கும் பிறகு, கியூவால் அடிக்கிற அந்த வெள்ளைப் பால் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி. என்னுடையதற்கும் அப்படியே, வேறு மையில். ஒரு மாசத்தில் பார்த்தால் என் புள்ளிகள் உளுந்து சிந்தின மாதிரி டேபிள் முழுக்கக் கிடக்கின்றன. அவருடையவை நீலப் பால், கறுப்புப் பால் வைக்கிற இடங்களுக்கு நடுவில் கொத்தாக இருக்கின்றன. பன்னிரண்டடி டேபிளில் அந்த மனுஷன் நாலடிக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். கஷ்டமான அடி அவருக்கு வருவதே இல்லை. வரவிடுவதில்லை.

வெள்ளை உருளாமல் சறுக்கிக்கொண்டே போய் மோதினால், அது விலகுகிற கோடும் மோதப்பட்ட பால் போகிற கோடும் செங்கோணம். உருண்டுகொண்டே போய்ப் பாதிப் பாலில் மோதினால் தன் வழியிலிருந்து சுமார் 30 டிகிரி விலகும். இதை நீ இன்றைக்கு யூடியூபில் பத்து நிமிஷத்தில் தெரிந்துகொள்கிறாய். எனக்கு இது வாரம் மூன்று ஆட்டம், பதினான்கு மாசம், கிட்டத்தட்ட 900 ரூபாய். ஒரு மாசச் சம்பளம். அந்தக் காசுக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. முதல் தடவை நான் ஜெயித்த அன்றைக்கு வாத்தியார் 5 ரூபாயை என் பையில் செருகிவிட்டு, கீழே கூட்டிக்கொண்டு போய் இரண்டு பருத்திப்பால் சொன்னார். குடித்து முடித்ததும் "காசு நீ குடு, நீதான ஜெயிச்ச" என்றார்.

ஆக, அந்த லாரி டிரைவரோடு ஆடு. உன்னைவிட நன்றாக ஆடுகிறார், அதை மறைக்கவில்லை, மூன்று மாசமாக ஒரே தொகைக்கு ஆடுகிறார் என்று சொன்னாய். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அறுபது கூடாதும்மா. உள்ளே போகும் முன்பே இன்றைக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்துவிடு, மிச்சத்தைக் காரிலேயே விட்டுவிடு. இருபது போதும். தோற்றால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கடைசி அடியே மனசில் ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பந்தயம். அது தாண்டினால் மனசில் அடி ஓடாது, காசுதான் ஓடும்.

அவர் உனக்குச் சலுகை தருகிறார் என்றும் சொன்னாய். ஒன்பது பால் ஆட்டத்தில் அவர் 9-ம் நம்பர் பாலைக் குழியில் போட்டால்தான் ஜெயம், நீ 7-ஐப் போட்டாலே ஜெயம். இதை வாங்காதே என்பது என் கட்சி. வாத்தியாருக்கே இதில் வேறு கருத்து இருந்தது, சமமாக இல்லாத ஆட்டத்துக்குப் பந்தயம் எதற்கு என்பார். ஆனால் எனக்கு அவர் 20 பாயிண்ட் முன்னால் கொடுத்த நாட்களில் நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை, நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. உன் கண் எந்நேரமும் அந்த 7-லேயே இருக்கும். எப்படியாவது இடித்து உருட்டி அதைத் தள்ளத்தான் கை போகும். சலுகைக்குப் பதில் பந்தயத்தைப் பாதியாக்கச் சொல். ஒரு கேம் ஒரு கேமாக ஆடாமல், முதலில் ஏழு கேம் எடுத்தவர் ஜெயம் என்று ஆடச் சொல். ஒரு கேமில் யார் வேண்டுமானாலும் யாரையும் ஜெயிக்கலாம். பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரென் ரெயெஸ் 1996-ல் ஹாங்காங்கில் ஏர்ல் ஸ்டிரிக்லண்டோடு ஒரு லட்சம் டாலருக்கு ஆடினாரே, அது முதலில் 120 கேம் எடுப்பவருக்கு ஜெயம். அவ்வளவு நீண்ட ஆட்டத்திலும் கடைசியில் 120-க்கு 117.

அந்த எஃப்ரென் மணிலாவில் மாமாவின் பூல் ஹாலிலேயே வளர்ந்தவர். டேபிள் எட்டாமல் கோக்கோ கோலாப் பெட்டிமேல் ஏறி நின்று ஆடிய பையன், ராத்திரி அந்த டேபிள்மேலேயே படுத்துத் தூங்கியவன். சின்ன வயசிலேயே காசு ஆட்டம்தான். ஆனால் அவர் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 1985-ல் அமெரிக்கா வந்தபோது செசார் மொராலெஸ் என்று வேறு பெயர் சொல்லித்தான் ஆடினார். சொந்தப் பெயர் தெரிந்தால் எதிரில் காசு வைக்க ஆள் வராதே. அவரிடம் அன்றைக்குத் தோற்றவர்கள் எல்லாம் தாங்கள் யாரோடு ஆடுகிறோம் என்று தெரியாமலே தோற்றவர்கள்.

எனக்கும் ஒரு மொராலெஸ் வந்தான். 1994, ஐப்பசி. நீ கைக்குழந்தை. ஒரு மெம்பரோடு விருந்தாளியாக வந்தவன், பஞ்சு வியாபாரம் என்றான். சொந்த கியூ கிடையாது, சுவரில் சாய்த்திருந்ததில் ஒன்றை எடுத்தான். கியூ நுனியில் போடுகிற சாக்பீஸைத் துணி துவைக்கிற மாதிரி தேய்த்தான். கிளப் மூடுகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டு 20 ரூபாய்க்கு ஆடினான். மூன்று ராத்திரி ஆடினோம், 140 ரூபாய் எனக்கு வந்தது. நாலாவது நாள் எனக்குத் தீபாவளி போனஸ், 1,250 ரூபாய், கவரோடு சட்டைப் பையில்.

மாசக்கணக்கில் புள்ளி வைத்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், பாப்பா. அவன் பால் போடத் தவறினான், சரி. ஒவ்வொரு தடவையும் மயிரிழையில்தான் தவறினான். தவறிய பிறகு வெள்ளை போய் நின்ற இடத்தைப் பார்த்தால், எனக்கு அடிக்க வழியில்லாமல் ஏதாவது ஒரு பாலுக்குப் பின்னால் நின்றது. எப்போதுமே. இன்னொன்று, அடி சரியில்லை என்று தெரிந்த அந்த நொடியே கற்றுக்குட்டிக்குத் தலை நிமிர்ந்துவிடும். அவனுக்கு நிமிரவில்லை. பால் நிற்கிற வரைக்கும் தாடை கியூமேல் அப்படியே இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். பார்த்தும், நாம் ஜெயிக்கிறோம் என்கிற மிதப்பில் விட்டுவிட்டேன்.

நூறு என்றான், இருநூறு என்றான். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவன் மாதிரி நின்று "கடைசியா ஒண்ணு, டபுள்" என்றான். பத்தரைக்கு ஆரம்பித்தது பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. வாட்ச்மேன் கையில் வைத்திருந்த காசை வாங்கி எண்ணிப் பார்த்தான். அதிலிருந்து ஒரு 10 ரூபாயை எடுத்து என்னிடம் நீட்டினான். "டேபிளை நல்லா வச்சிருக்கீங்க" என்றான். மார்க்கருக்கு டீக்காசு. என் போனஸிலிருந்து எனக்கே. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் போனஸ் கிடையாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புடவை எடுக்கவில்லை, உனக்கு மட்டும் ஒரு கவுன். வாட்ச்மேன் பெண்டாட்டி குழாயடியில் மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா கேட்கவே இல்லை. நீ பத்தாவது படிக்கும்போது ஃபீஸ் பணத்தை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டு, "போற வழியில ஆட்டம் ஏதும் இல்லையே" என்றாள். பதினைந்து வருஷம் கழித்து! நேற்று இட்லிச் சட்டி ஏன் இரண்டு தடவை கழுவப்பட்டது என்று இப்போது புரிகிறதா?

ஆகவே உன் புது ஆளைப் பற்றி ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் தவறவிட்ட பிறகு வெள்ளை எங்கே நிற்கிறது? உனக்குச் சுலபமாக அடிக்கும்படி நடுவில் வந்து நின்றால், பாவம், அவரும் உன்னை மாதிரி கற்றுக்கொள்ள வந்தவர், இரண்டு பேரும் ஆடுங்கள். உனக்கு வழியே இல்லாத இடமாகப் பார்த்து நின்றால் நாற்பது டாலரைத் திருப்பித் தோற்றுவிட்டு வந்துவிடு, அதற்குமேல் ஐந்து டாலர்கூட வேண்டாம்.

இது கைக்கு வந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை நோட்டு எடுத்துக்கொண்டு போ. சனிக்கிழமை காலை கூப்பிடும்போது அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், ஸ்பீக்கரும் இருக்கும். வெள்ளை நடுவில் நின்றால் "இங்க வெயில் அடிக்குதுப்பா" என்று சொல். ஒளிந்து நின்றால் "மழை" என்று சொல்.

அப்பா

பின்குறிப்பு: பருப்புப் பொடி தனிப் பார்சலில் வருகிறது. அதில் அம்மாவும் ஏதோ எழுதி வைத்திருக்கிறாள், என்னிடம் காட்டவில்லை.